ட்வீட் ஆற்றில் ஒரு வாரம்: இலையுதிர்கால சால்மன் பிடிக்க முதன்முறை போகிறவர்களுக்கு

இலையுதிர்காலத்தில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் அட்லாண்டிக் சால்மன் சாப்பிடுவதில்லை. நன்னீருக்குள் நுழைந்ததும் அதற்குப் பசி அடங்கிவிடும், குடல் சுருங்கிவிடும், முட்டையிட்டு முடிக்கும்வரை கடலில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்தே காலம் தள்ளும். அதனால் ‘என்ன இரை போட்டால் கடிக்கும்’ என்று குளத்தங்கரையில் கேட்கிற கேள்வியை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுவராதீர்கள். சாப்பிடாத மீன் ஏன் வாயைத் திறக்கிறது என்றால், எரிச்சல் என்பார்கள், பழைய பழக்கம் என்பார்கள், ஆளுக்கொரு கதை. உங்கள் கையில் இருப்பது ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் கட்டிய போலி இரை, எந்த ஆழத்தில் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது மட்டும்தான். அந்த இரண்டையும் முடிவு செய்வது அன்றைய தண்ணீர். புதிதாக வருகிறவர்கள் ஃப்ளை பெட்டியைப் பார்க்கும் நேரத்தில் பாதியை ஆற்றைப் பார்க்கச் செலவழித்தாலே வாரம் வேறு மாதிரி இருக்கும்.

எந்த ஆறு, எந்த வாரம்

ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஆற்றுக்கும் பருவம் முடியும் தேதி தனி. ஸ்பே செப்டம்பர் 30, டே அக்டோபர் 15, ட்வீட் நவம்பர் 30. ஆகவே நிஜமான இலையுதிர்கால வாரம் வேண்டும் என்றால் ட்வீட்தான் முதல் தேர்வு. ஏறக்குறைய 156 கிலோமீட்டர் ஓடும் ஆறு, பீபிள்ஸ், மெல்ரோஸ், கெல்சோ, கோல்ட்ஸ்ட்ரீம் என்று இறங்கி பெரிக்கில் கடலில் கலக்கிறது, கீழ்ப்பகுதியில் கொஞ்ச தூரம் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையே இந்த ஆறுதான்.

என்னைக் கேட்டால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம்வரை. அதற்கு முன்னால் மழை வராமல் ஆறு ஒல்லியாகக் கிடக்கும் வாய்ப்பு அதிகம். நவம்பர் கடைசியில் மீன் இருக்கும், ஆனால் பெரும்பாலும் சிவந்து, முட்டையிடத் தயாராகிவிட்ட மீன், போதாததற்கு நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஒரு வாரம் என்றால் திங்கள் முதல் சனிவரை ஆறு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கச் சட்டப்படி தடை.

எதிர்பார்ப்பை இப்போதே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2010இல் ட்வீடில் தூண்டில் கம்பில் பிடிபட்ட சால்மன் 20,000க்கும் மேல். கடந்த சில ஆண்டுகளில் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை, அதிலும் இந்த ஆறு பேர்போன இலையுதிர்கால ஏற்றம்தான் ரொம்பவும் மெலிந்துவிட்டது. 2023இல் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை ‘அழியும் அபாயத்தில் உள்ளது’ என்ற பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆறு நாளில் ஒரு மீன் கிடைத்தாலும் நல்ல வாரம் என்றே அங்கே சொல்வார்கள்.

பீட் பிடிப்பது

ஆறு முழுக்கப் பீட் என்ற மீன்பிடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு, அவர் அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போட்டால் குற்றம். இங்கிலாந்தில் இருப்பதுபோல அரசாங்க உரிமம் தனியாக வாங்கத் தேவையில்லை, ட்வீடின் இங்கிலாந்துக் கரைக்கும் அது பொருந்தும். இணையத்திலேயே நாளையும் பீட்டையும் பார்த்துப் பணம் கட்டலாம். விலை என்பது ‘ஒரு கம்புக்கு ஒரு நாள்’ என்ற கணக்கு. மேல்பகுதியில் ஊர்ச் சங்கங்களின் தண்ணீரில் சில பத்து பவுண்டில் முடித்துக்கொள்ளலாம், கெல்சோவுக்குக் கீழே பேர்பெற்ற பீட்டுகளில் அக்டோபர் மாதம் நாளைக்குச் சில நூறு பவுண்ட் ஆகும்.

முதல் வாரத்துக்கு என் யோசனை இது: பேருக்காகப் போகாதீர்கள், படகோட்டி இருக்கிற நடுத்தர பீட்டாகப் பாருங்கள். மற்ற ஆறுகளில் கில்லி என்பார்கள், ட்வீடில் அவருக்குப் படகோட்டி என்றுதான் பெயர், ஆழமான மடுக்களில் படகை ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நழுவவிட்டு, உங்கள் ஃப்ளை மீன் படுத்திருக்கும் கல்லுக்கு மேல் போகும்படி வைப்பது அவர் வேலை. அந்த ஆற்றங்கரையிலேயே வருடக்கணக்காக இருப்பவர், எந்தப் பாறையின் எந்தப் பக்கம் மீன் நிற்கும் என்று தெரிந்தவர்.

பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் பீட் எந்தத் தண்ணீர் மட்டத்தில் நன்றாக இருக்கும்?’ பொதுவாக மழை இல்லாத வருடத்தில் மேலே போக முடியாமல் மீன் கீழ்ப் பீட்டுகளில் தேங்கும், நல்ல மழை பெய்தால் அவற்றைக் கடந்து நடுப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் ஏறிவிடும். இன்னொன்று, கெல்சோவில் டெவியட் ஆறு வந்து சேர்கிறது. டெவியட் கலங்கினால் அதற்குக் கீழே இருக்கும் ட்வீட் முழுக்க காபி நிறத்தில் ஓடும், சங்கமத்துக்கு மேலே அதே நாளில் நன்றாகத் தெளிந்திருக்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, முடிந்தால் ஆறு நாளையும் ஒரே இடத்தில் போடாமல் மூன்று நாள் கீழே, மூன்று நாள் மேலே என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கெல்சோவுக்கு ரயில் கிடையாது. எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில் உண்டு, லண்டன் பக்கமிருந்து வந்தால் பெரிக்கில் இறங்கலாம், எப்படியும் கடைசியில் கார் வேண்டும்.

சாமான்

இருக்கிற காசை எல்லாம் கடையில் கொட்டாதீர்கள். கம்பு, ரீல், நெஞ்சுவரை வரும் நீர்புகாக் கால்சட்டை எல்லாமே பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும், படகோட்டியிடமே உபரிக் கம்பு இருக்கும், முன்கூட்டியே கேட்டால் போதும்.

கம்பு இரண்டு கையாலும் பிடிக்கிற வகை, 13 முதல் 15 அடி. மிதக்கும் லைன் ஒன்று, அதன் நுனியில் மாட்டிக்கொள்ள வெவ்வேறு வேகத்தில் மூழ்கும் நுனிகள் மூன்று நான்கு. இந்த மூழ்கும் நுனிகளில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆழத்தைத் தீர்மானிப்பது இவைதான். லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு 12 முதல் 15 பவுண்ட் தாங்குவதாக இருக்கட்டும். மிதக்கும் லைனுக்கு மூன்று நான்கு மீட்டர் நரம்பு, மூழ்கும் நுனிக்கு ஒன்றேகால் மீட்டர் போதும், அதற்கு மேல் நீளமாகப் போட்டால் நுனி கீழே போகும், ஃப்ளை மட்டும் மேலேயே மிதந்து வரும்.

செப்டம்பர் 15 முதல் பருவம் முடியும்வரை ட்வீடில் ஃப்ளை மட்டும்தான் அனுமதி, ஸ்பின்னர் என்ற சுழலும் போலி இரையோ புழுவோ கூடாது. முள்ளில் முடியும் இறகும் கட்டிய ஃப்ளையில் ஆயிரம் வகை விற்பார்கள். கேஸ்கேட், ஆலிஸ் ஷ்ரிம்ப், வில்லி கன் என்ற மூன்றையும் இரண்டு மூன்று அளவுகளில் வாங்கிக்கொண்டால் வாரம் ஓடிவிடும். ஆரஞ்சு, மஞ்சள், கறுப்பு, இதுதான் இந்தப் பருவத்து நிறம். தண்ணீர் கலங்கலாகவோ குளிராகவோ இருந்தால் பித்தளைக் குழாயில் கட்டிய கனமான பெரிய ஃப்ளை, தெளிந்து இறங்கிவிட்டால் சின்னது. முள்ளில் எதிர்முள் இருந்தால் குறடால் நசுக்கிவிடுங்கள்.

மிதவைச் சட்டையும் கண்ணாடியும் பற்றிப் பேரமே வேண்டாம். அக்டோபர் கடைசியில் அந்தத் தண்ணீரில் விழுந்தால் குளிர் முதலில் மூச்சைத்தான் பிடிக்கும். கண்ணாடி ஏன் என்று அடுத்த பகுதியில் புரியும். கையில் ஒரு ஊன்றுகோல், உள்ளே கம்பளிச் சட்டை, பெரிய பிளாஸ்க்.

நார்வே போன்ற நாடுகளில் பயன்படுத்திய சாமானை எடுத்து வந்தால் முழுக்கக் காயவைத்தோ கிருமிநாசினியில் நனைத்தோதான் ஆற்றில் இறக்க வேண்டும். நார்வேயில் பல ஆறுகளின் சால்மனைக் காலிசெய்த ஒரு கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இன்னும் பிரிட்டனுக்குள் வரவில்லை. ஒரு ஈரக் காலுறை போதும் அதைக் கொண்டுவர.

வீசப் பழகுவது

இதைக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பின்னால் மரமும் மேடும் இருக்கும் கரையில் லைனைப் பின்னுக்குப் பறக்கவிட முடியாது, அதனால்தான் ஸ்பே வீச்சு. லைனைத் தண்ணீரில் ஒரு நொடி ஒட்டவைத்து, பக்கவாட்டில் ஒரு வளையம் உருவாக்கி, அப்படியே முன்னால் தள்ளுவது. ஒரு பயிற்றுநரிடம் அரை நாள் கற்றால் வாரம் முழுக்க தோள்வலி மிச்சம். காணொளி பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்கிறவர்கள் கற்றுக்கொள்ளட்டும், நான் பார்த்தவரை இரண்டாம் நாள் மதியம் தைலம் தேடுகிறவர்கள் அவர்கள்தான்.

எத்தனை வகை வீச்சு தெரிந்தாலும் ஒரு விதியை மட்டும் விடக் கூடாது: ஃப்ளையும் லைன் வளையமும் காற்று உங்களைத் தாண்டிப் போகிற பக்கம் இருக்க வேண்டும். காற்று ஆற்றோடு கீழ்நோக்கி அடித்தால் உங்களுக்குக் கீழ்ப்பக்கம், எதிர்த்து மேல்நோக்கி அடித்தால் மேல்பக்கம். மாற்றிப் போட்டால் முள் நேராக முகத்துக்கு வரும். கண்ணாடி அதற்குத்தான். தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நேராக விழும் 18 மீட்டர் வீச்சு, சுருண்டு விழும் 30 மீட்டரைவிட எவ்வளவோ மேல்.

காலையில் முதல் வேலை: தண்ணீர் பார்ப்பது

ஸ்காட்லாந்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆற்று மட்டங்களை இணையத்தில் போடுகிறது. பீபிள்ஸ், போல்சைட், ஸ்ப்ரௌஸ்டன், நோரம் என்று ட்வீட் நெடுகிலும் அளவுமானிகள் உண்டு. எண்ணைவிடக் கோட்டின் போக்கைப் பாருங்கள்: ஏறுகிறதா, நிற்கிறதா, வடிகிறதா. மேலே பீபிள்ஸில் ஏறிய தண்ணீர் பல மணி நேரம் கழித்துத்தான் உங்கள் பீட்டுக்கு வரும், ஆகவே மேல் அளவுமானியைப் பார்த்தால் உங்கள் மதியம் எப்படி இருக்கும் என்று காலைச் சாப்பாட்டின்போதே தெரிந்துவிடும்.

ஆற்றங்கரைக்குப் போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் குச்சி முழங்கால் நனைந்து நிற்கிறதா, வறண்ட கல்லில் நிற்கிறதா என்பதில் எல்லாம் இருக்கிறது. ஏறத் தொடங்கும் முதல் ஓரிரு அங்குலத்தில் மீன் துடிப்பாகி சட்டென்று கடிப்பது உண்டு, அந்த இருபது முப்பது நிமிடம் டீ குடிக்கப் போகாதீர்கள். அப்புறம் தொடர்ந்து ஏறி, நிறம் மாறி, குப்பை வர ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது, கரைக்கு வந்துவிடலாம். வந்துவிடலாம் என்ன, வந்துவிட வேண்டும், நடுவில் மேட்டில் நிற்கிறவருக்குப் பின்னால் திரும்பும் வழி ஆழமாகிக்கொண்டே போகும்.

வெள்ளம் வடிந்து, தேயிலைச் சாறு நிறத்துக்கு வரும் நாள்தான் வாரத்தின் தங்க நாள். முழங்கால் ஆழத்தில் உங்கள் பூட்ஸ் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் அதுவே கணக்கு. புது மீன் ஏறிக்கொண்டிருக்கும், வேகமான பாய்ச்சலைத் தாண்டியதும் மேலே இருக்கும் மடுவின் வால்பகுதியில், வழவழவென்று தண்ணீர் கண்ணாடிபோல ஓடும் இடத்தில், கொஞ்ச நேரம் இளைப்பாறும். தண்ணீர் இன்னும் உயரமாக இருந்தால் அது நடு ஓட்டத்தில் மல்லுக்கட்டாது, கரையோரமாகவே போகும். புதியவர்கள் நெஞ்சுவரை இறங்கி எட்டத்தில் வீசுவார்கள், மீன் அவர்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும். உயர்ந்த தண்ணீரில் முதல் சில வீச்சு கரையில் நின்றபடியே, குட்டையாக.

சட்டைப் பையில் ஒரு வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 10 டிகிரிக்கு மேல் இருந்தால் மீன் மேலெழும்பி வந்து எடுக்கும், மிதக்கும் லைனே போதும். அதற்குக் கீழே போகப் போக ஃப்ளையை ஆழத்திலும் மெதுவாகவும் மூக்கருகே கொண்டுபோக வேண்டும்.

மடுவில் இறங்குவது

மேல் முனையில் ஆரம்பியுங்கள். ஓட்டத்துக்குக் குறுக்காகவும் கீழாகவும், ஏறக்குறைய 45 டிகிரியில் வீசுங்கள். லைன் விழுந்ததும் அதன் நடுப்பகுதியை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தூக்கிப் போட்டால் ஃப்ளை மூழ்க நேரம் கிடைக்கும், வேகமும் குறையும். பிறகு ஒன்றும் செய்ய வேண்டாம். லைனை விரலில் தொட்டுக்கொண்டு, கம்பைத் தாழ்த்தி, ஃப்ளை வளைந்து உங்கள் கரைக்கு நேராக வந்து நிற்கும்வரை விட்டுவிடுங்கள். இரண்டு எட்டு கீழே வையுங்கள், மறுபடியும் வீசுங்கள். மடு முடியும்வரை இதேதான். சலிப்பாக இருக்கும், ஆனால் ஒரே இடத்தில் நின்று நூறு முறை வீசுவதைவிட நூறு மீனுக்கு ஒருமுறை காட்டுவது புத்திசாலித்தனம், தவிர உங்களுக்குப் பின்னால் வருகிறவர் காத்திருப்பார், நகராமல் நிற்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. ஏற்கெனவே ஒருவர் இறங்கியிருந்தால் அவருக்கு மேலே, தள்ளித்தான் இறங்க வேண்டும், கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது.

முதல் சுற்றில் ஒன்றும் இல்லையென்றால் ஃப்ளையை மாற்றாதீர்கள். நுனியை மாற்றுங்கள், ஒரு படி ஆழம் கூட்டுங்கள், அல்லது வீசும் கோணத்தை மாற்றி வேகத்தைக் குறையுங்கள். இலை உதிரும் வாரத்தில் முதல் வெள்ளம் வந்தால் வேறு ஒரு தொல்லை உண்டு. காட்டிலிருந்து அடித்து வந்த இலை அத்தனையும் தண்ணீருக்குள் நடுமட்டத்தில் மிதந்துவரும், ஒவ்வொரு வீச்சிலும் மெத்தென்று ஒரு இழுப்பு, எடுத்துப் பார்த்தால் முள்ளில் ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருக்கும். இலை ஒட்டிய ஃப்ளையை எந்த மீனும் சீண்டாது, ஆகவே சந்தேகம் வந்தால் உடனே இழுத்துச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி போடுங்கள். உறைபனிக் காலையில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும், கம்பைத் தண்ணீருக்குள் அரை நிமிடம் அமிழ்த்தினால் கரைந்துவிடும். நகத்தால் நோண்டி வளையத்தை உடைக்காதீர்கள்.

நடக்கும்போது ஓட்டத்துக்குப் பக்கவாட்டில் உடம்பைக் காட்டி, ஒரு கால் ஊன்றிய பிறகு அடுத்த கால். விழுந்துவிட்டால் ஓட்டத்தோடு சண்டை போடாமல், மல்லாந்து, பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி மிதந்து, மெல்ல கரைக்கு ஒதுங்குங்கள்.

மீன் எடுத்தால்

சின்ன மீன் கடிக்கும்போது வெடுக்கென்று இழுத்துப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். சால்மன் எடுக்கும்போது முதலில் விரலில் ஒரு கனம், யாரோ மெதுவாக லைனை வாங்கிக்கொள்வதுபோல. அப்போது ஒன்றும் செய்யாதீர்கள். ஃப்ளையை வாயில் கவ்விக்கொண்டு அது திரும்பட்டும், ரீல் சத்தம் போடத் தொடங்கட்டும், பிறகு கம்பைத் தூக்குங்கள். முந்தினால் ஃப்ளை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பது போட்டோவுக்கு அழகு. மீன் களைப்பது பக்கவாட்டு அழுத்தத்தில்தான். அது குதித்தால் கம்பைத் தாழ்த்துங்கள், ஓடினால் விடுங்கள், நின்றால் சுற்றுங்கள். 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் பிடித்த 64 பவுண்ட் சால்மன்தான் இன்றுவரை பிரிட்டனில் கம்பில் பிடித்த சாதனை, அதோடு அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடினார். இப்போது அப்படிப் போராடினால் அது மீனுக்குச் சாவு. பவுண்டுக்கு ஒரு நிமிடம் என்பது பழைய கணக்கு, அதற்குள் முடிக்கப் பாருங்கள், களைத்துப்போன மீனை விட்டாலும் பிழைக்காது.

ஏனென்றால் விடத்தான் போகிறோம். ஜூன் 30 வரை பிடிக்கும் எல்லா மீனையும் விடுவது ட்வீடில் கட்டாயம், அதற்குப் பிறகு பீட் விதிகளும் அந்த வருடத்து அறிவிப்பும் என்ன சொல்கின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் இலையுதிர்காலத்தில் சட்டம் அனுமதித்தாலும் நான் எடுக்கமாட்டேன். பெண் மீனின் வயிறு நிறைய முட்டை, கீழ்த்தாடை கொக்கிபோல வளைந்த செம்பு நிற ஆண் மீனின் சதையில் ருசியே இருக்காது, கொழுப்பெல்லாம் விந்துக்கும் முட்டைக்கும் போயிருக்கும். குழம்புக்கு ஆசை என்றால் கடையில் வளர்ப்பு சால்மன் கிடைக்கிறது. கம்பில் பிடித்த சால்மனை விற்பதும் ஸ்காட்லாந்தில் குற்றம்.

முடிச்சில்லாத வலையில் ஏந்தி, மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு குறடால் முள்ளைக் கழற்றுங்கள். கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். படம் வேண்டுமென்றால் நண்பர் தயாராக இருக்கட்டும், ஒருமுறை தூக்கி, தண்ணீர் சொட்டி முடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். கல்லில் கிடத்தி எடுத்த படம் அந்தக் கரையில் யாருக்கும் பிடிக்காது. தலை ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்கும்படி வால் தண்டைத் தளர்வாகப் பிடித்து, செவுள் சீராக மூடித் திறக்கிறதா பாருங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள், தள்ளிவிடாதீர்கள். வாலருகே கடல் பேன் ஒட்டியிருந்தால் படகோட்டி கைகுலுக்குவார், கடலை விட்டு ஓரிரு நாள்தான் ஆகிறது என்று அர்த்தம், நன்னீரில் அது சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

வெள்ள நாளும் கடைசி நாளும்

வாரத்தில் ஒரு நாளாவது ஆறு முழுக்கச் செம்மண் கலங்கலாகப் போய் ஒன்றும் செய்ய முடியாது, அதற்குப் பணமும் திரும்பக் கிடைக்காது. அன்றைக்குச் செல்கர்க் பக்கம் எட்ரிக் ஆற்றுத் தடுப்பணைக்குப் போங்கள், அக்டோபர், நவம்பரில் சால்மன் அணையைத் தாண்டத் துள்ளுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். ஒரு மணி நேரம் அதைப் பார்த்தால், எந்த மாதிரித் தண்ணீரை மீன் தேர்ந்தெடுக்கிறது என்று பத்துக் கட்டுரை படித்ததைவிட அதிகம் புரியும்.

மதியச் சாப்பாடு ஆற்றங்கரைக் குடிசையில், அடுப்பு எரியும், எல்லாரும் காலுறை காயவைத்துக்கொண்டு பழைய மீன் கதை பேசுவார்கள். கட்டுச் சாதம் கொண்டுபோனால் கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுபோங்கள், எலுமிச்சைச் சாதத்துக்கு அங்கே நல்ல மரியாதை.

சனிக்கிழமை மாலை படகோட்டிக்கு அன்பளிப்பு கொடுப்பது வழக்கம், மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், உறையில் போட்டு. பிடித்த மீன், அதன் எடை, விட்டீர்களா என்பதையெல்லாம் பீட் புத்தகத்தில் எழுதிவிட்டு வாருங்கள், ஒன்றுமில்லாத நாளையும் சேர்த்து, மீன் கணக்கெல்லாம் அந்தப் புத்தகங்களிலிருந்துதான் வருகிறது. நல்ல பீட்டுகளில் அடுத்த வருடம் அதே வாரத்தை, இந்த வருடம் எடுத்தவரிடம்தான் முதலில் கேட்பார்கள். வேண்டுமென்றால் காரில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை மின்னஞ்சல் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினால் வேறு யாராவது எடுத்திருப்பார்கள்.